முதலுதவிப் பெட்டி: ஒரு பட்டியலின் சமூக வரலாறு

காப்பியமும் கவிதையும் நாவலும் தாம் தோன்றிய சமூகத்தின் இயல்பை உணர்த்துவன என்பதை இன்று இலக்கிய மாணவர் அனைவரும் ஏற்றுக்கொள்வர். ஆயின் ஒரு கடைக்கணக்கோ கப்பற் சரக்கின் பட்டியலோ அவ்வாறே உணர்த்தவல்லது என்பது அத்துணை எளிதில் ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்னும் தீர்மானங்கள் இன்றி எந்தப் பட்டியலும் உருவாவதில்லை. தீர்மானம் உள்ள இடத்திலே தீர்மானிக்கும் அதிகாரமும் உண்டு. அவ்வதிகாரம் யார் கையில் இருந்தது, யாருடைய உடலின்மீது செலுத்தப்பட்டது என்று வினவத் தொடங்கியதும் பட்டியல் வரலாற்று ஆவணமாகிவிடுகிறது.

இக்கட்டுரையிலே நாம் அத்தகைய சிறிய பட்டியல் ஒன்றை ஆராய எடுத்துக்கொள்கிறோம். கையில் எடுத்துச் செல்லத்தக்க முதலுதவிப் பெட்டியினுள் எவ்வெப் பொருள்கள் இருத்தல் வேண்டும் என்பதே அது. இன்று இவ்வினாவிற்குப் பெரும்பாலும் மருந்துக்கடைக்காரரோ விளம்பரமோ விடை கூறுவதைக் காண்கிறோம். விடை இயல்பானதாகவும் தோன்றுகிறது. எனினும் பஞ்சு, கட்டுத்துணி, ஊக்கு ஆகிய எளிய பொருள்கள் அப்பெட்டியுள் இடம்பெற்றமைக்கும், வேறு பல அதிலிருந்து வெளியேற்றப்பட்டமைக்கும் பின்னால் போரும் குடியேற்ற ஆட்சியும் தொழிலாளர் போராட்டமும் உள்ளன. பெட்டியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அதனைத் திறக்கும் உரிமையும் உழைப்போரிடம் எந்த அளவிற்கு வந்து சேர்ந்தனவோ, அந்த அளவிற்கே அது உண்மையான முதலுதவிப் பெட்டியாயிற்று என்பது எமது கருத்து.

முதலுதவிப் பெட்டிக்கு முன்னோடியாக அமைந்தது மருந்துப் பெட்டி. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது இவ்வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. மருந்துப் பெட்டி சட்டத்துள் நுழைந்தது கடல்வழி வாணிகத்தின் ஊடாகவாகும். 1790இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய கடலோடிகள் பற்றிய சட்டம், 150 தொன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுடையதும், பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ செலுத்துவதுமான கப்பல் பிறநாட்டுப் பயணம் மேற்கொள்ளும்போது மருந்துப் பெட்டி ஒன்றை வைத்திருத்தல் வேண்டும் என விதித்தது. பெட்டியோடு பயன்படுத்தும் முறைபற்றிய குறிப்பும் இருத்தல் வேண்டும். பெட்டி இல்லையாயின் நோயுற்ற மாலுமியின் மருத்துவச் செலவைக் கூலியிலே கழிக்காது கப்பற்றலைவனே ஏற்றல் வேண்டும். வாணிக முதலாளித்துவம் தன் கூலியாளின் உடலை எந்தக் கணக்கிலே சேர்த்தது என்பதை இவ்விதியே காட்டிவிடுகிறது. பெட்டி வைத்தல் செலவைத் தவிர்க்கும் உபாயமாகவும் அமைந்தது.

அப்பெட்டியின் திறப்பு கப்பற்றலைவனிடம் இருந்தது. போத்தல்களுக்கு இலக்கம் இடப்பட்டது. நோய்க்குறி இன்னதாயின் இத்தனையாம் இலக்க மருந்து எனக் குறிப்பேடு கூறும். பதினைந்தாம் இலக்கப் போத்தல் தீர்ந்துபோனதால் ஏழையும் எட்டையும் கலந்து கொடுத்த கப்பற்றலைவனைப் பற்றிய நகைக்கதை மாலுமிகளிடையே வழங்கிவந்தது. நகைக்கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. தம் உடலைப் பற்றிய அறிவு தமக்கு மறுக்கப்பட்டு, மேலாளனின் எண்கணிதத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்த நிலையை உழைப்போர் தமக்கே உரிய எள்ளலோடு விமர்சித்தமையை அதிற் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மருந்துப் பெட்டி கரையேறிக் குடியேற்ற நாடுகளின் உட்பகுதிக்குச் சென்றது. 1880இல் இலண்டனில் நிறுவப்பட்ட பறோஸ் வெல்கம் நிறுவனம் மருந்தை வில்லைகளாக அழுத்திச் சிறு பெட்டிகளில் அடக்கி விற்றது. 1887இல் ஆபிரிக்காவின் உட்பகுதிக்குப் படையெடுப்பை ஒத்த பயணத்தை மேற்கொண்ட ஸ்ரான்லி அந்நிறுவனத்தின் பெட்டிகளை உடன் கொண்டுசென்றார். அப்பெருமையை நிறுவனம் நெடுங்காலம் விளம்பரமாக்கிக்கொண்டது. இத்தகைய பெட்டிகளில் முதன்மை பெற்ற மருந்து கொயினா. மலேரியா நிலவிய நிலப்பகுதிகளில் ஐரோப்பியர் உயிருடன் உலவுதற்கு அதுவே துணை செய்தது.

கொயினாவின் வரலாறு எமது மலைநாட்டோடு நேரடித் தொடர்புடையது. சின்கோனா மரம் 1861இல் ஹக்கலைத் தோட்டத்திலே நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியதும் தோட்டத்துரைமார் பலர் சின்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியிலே இலங்கையிலிருந்து பெருந்தொகையான சின்கோனாப் பட்டை ஏற்றுமதியாயிற்று. சந்தையிலே பட்டை குவிந்து விலை வீழ்ந்ததும் மரங்கள் பிடுங்கப்பட்டன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தோட்டத்திலே பட்டை உரித்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களது உழைப்பின் விளைவு உலகின் மறுகோடியிலே வெள்ளைப் பயணிகளின் பெட்டிக்குள் மருந்தாக அமர்ந்திருந்தது.

அத்தொழிலாளரின் நிலையோ வேறாக இருந்தது. மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வரை நூறு மைலுக்கு மேலாகக் காட்டுவழி நடந்து வந்தவர்களுள் வழியிலேயே கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் மடிந்தோர் பலர். கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்த கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டு வரை இயற்றப்படவில்லை. அது இயற்றப்பட்ட பின்னரும் பல தோட்டங்களிலே மருந்து கொடுப்பவர் துரையாகவே இருந்தார். பங்களாவில் இருந்த பெட்டியிலிருந்து கொயினாவும் ஆமணக்கெண்ணெயும் அவர் கையால் அளந்து கொடுக்கப்பட்டன. நோயாளி உண்மையில் நோயாளிதானா, வேலைக்குக் கள்ளம் செய்பவரா என்று தீர்ப்பளிப்பவரும் அவரே. மருத்துவமும் மேற்பார்வையும் ஒரே கையில் இணைந்திருந்தமை மருந்துப் பெட்டியின் அடிப்படை இயல்பை எமக்குத் தெளிவாக்குகின்றது.

இம்மரபிலிருந்து முற்றிலும் வேறான பெட்டியொன்றை உருவாக்கிய மாற்றம் போர்க்களத்திலே தொடங்கியது. 1859இல் சொல்பெரினோவிலே கவனிப்பாரின்றிக் கிடந்த காயப்பட்டோரைக் கண்ட ஹென்றி டுனான்டின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது என்பது பலரும் அறிந்தது. அதனினும் குறைவாக அறியப்பட்டவர் யேர்மனியின் கீல் நகரத்து அறுவைமருத்துவர் பிரீட்றிக் எஸ்மார்க். முக்கோணக் கட்டுத்துணியைப் போர்வீரரிடையே பரவச் செய்தவர் அவர். அத்துணியிலே அதனைப் பயன்படுத்தும் முறைகள் படங்களாக அச்சிடப்பட்டிருந்தன. தலையில், தோளில், முழங்காலில், கையைத் தொங்கவிடும் தூளியாக என ஒரே துணியை எவ்வெவ்வாறு கட்டலாம் என்பதை எழுத்தறியாத வீரனும் பார்த்த அளவில் விளங்கிக்கொள்ளக் கூடியதாயிருந்தது. 1870-71 பிரெஞ்சு-பிரசியப் போரிலே அது பயன்பட்டது. 1882இல் எஸ்மார்க் கீல் நகரிலே பொதுமக்களுக்கான முதலுதவிப் பாடசாலை ஒன்றையும் ஆரம்பித்தார்.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தின் உட்பொருளை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கப்பற்றலைவனின் பெட்டியிலே அறிவு குறிப்பேட்டில் இருந்தது. குறிப்பேடு பெட்டியுள் இருந்தது. பெட்டி பூட்டப்பட்டிருந்தது. எஸ்மார்க்கின் துணியிலோ அறிவு கருவியின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. அக்கருவி காயப்பட்டவனின் கையிலோ அவனருகே கிடந்தவனின் கையிலோ இருந்தது. மருந்தைத் தருபவன், பெறுபவன் என்ற மேல்கீழ் உறவு, அருகிலிருப்பவன் அருகிலிருப்பவனுக்கு உதவும் உறவாக மாறியது.

அக்காலத்திலேயே காயம் பற்றிய விஞ்ஞான அறிவும் மாறிக்கொண்டிருந்தது. 1865இல் கிளாஸ்கோவிலே வண்டிச் சில்லால் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு யோசப் லிஸ்ரர் காபொலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டிட்டார். காயம் சீழ்கொள்ளாது ஆறியது. அவருடைய முடிவுகள் 1867இல் வெளியாயின. காயத்தைத் தொடும் துணி தூயதாயிருத்தல் வேண்டும் என்ற கொள்கை நிலைபெற்றதும், ஏதோ ஒரு கந்தையைக் கிழித்துக் கட்டும் வழக்கம் அறிவியலின் ஆதரவை இழந்தது. கிருமி நீக்கிப் பொதிசெய்யப்பட்ட பஞ்சும் துணியும் புதிய பண்டங்களாயின. முதலாளித்துவ உற்பத்தி அப்பண்டங்களுக்குச் சந்தை தேடியது. அதற்குத் தொழிலாளரின் காயங்களே இடமளித்தன.

ஐக்கிய அமெரிக்காவின் புகையிரதப் பாதைகள் இதற்குத் தக்க சான்று. சனாதிபதி ஹரிசன் 1889 டிசெம்பரிலே காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியிலே, ஓராண்டிற்குள் 2,000க்கு மேற்பட்ட புகையிரத ஊழியர் வேலையிலே கொல்லப்பட்டமையையும் 20,000க்கு மேற்பட்டோர் காயமடைந்தமையையும் சுட்டிக்காட்டினார். பெட்டிகளைக் கையாற் கொளுவும்போது விரலும் கையும் நசுங்குவதும், ஓடும் வண்டியின் கூரைமீது நின்று தடுப்பைத் திருகும்போது வீழ்ந்து இறப்பதும் அன்றாட நிகழ்ச்சிகளாயிருந்தன. இத்தகைய சூழலிலே, 1886இல் நிறுவப்பட்ட ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் 1888இல் புகையிரதத் தொழிலாளருக்கான முதலுதவிப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புகையிரதக் கம்பனி ஒன்றின் தலைமை மருத்துவரோடு நிறுவனரொருவர் பயணத்தின்போது உரையாடியதிலிருந்து அவ்வெண்ணம் பிறந்ததாக நிறுவனத்தின் சொந்த வரலாறு கூறும்.

நிறுவனம் கூறாத மற்றொரு வரலாறும் உண்டு. தானே கொளுவிக்கொள்ளும் இணைப்புக்கருவிக்கு ஆக்கவுரிமை பெறப்பட்டது 1873இல். காற்றழுத்தத் தடுப்புக்கருவிக்கு வெஸ்ரிங்ஹவுஸ் ஆக்கவுரிமை பெற்றது 1869இல். விபத்தைத் தடுக்கும் தொழில்நுட்பம் முதலுதவிப் பெட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கைவசம் இருந்தது. ஆயினும் அவற்றை எல்லா வண்டிகளிலும் பொருத்துமாறு கம்பனிகளை நிர்ப்பந்தித்த சட்டம் 1893இலேயே நிறைவேறியது. இடைப்பட்ட காலத்திலே பெட்டி வந்தது. ஒரு வண்டித் தொடர் முழுவதற்கும் புதிய இணைப்புக்கருவி பொருத்துவதிலும் பார்க்க ஒரு பெட்டி பஞ்சும் துணியும் வாங்குவது மலிவானது. எனவே முதலுதவிப் பெட்டியை மனிதாபிமானத்தின் வெற்றியென்று மட்டும் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. தடுக்கக்கூடிய காயத்தைத் தடுக்காது விட்டுக் கட்டுப்போடுவதற்கும் அதே பெட்டி பயன்பட்டது. பெட்டி எத்துணை நிறைவாயிருப்பினும் அது இயந்திரத்தின் காப்புவேலிக்கு ஈடாகாது என்பதைத் தொழிற்சங்க இயக்கம் அனுபவவாயிலாகக் கற்றுக்கொண்டது.

பிரித்தானியாவிலே இவ்வரலாறு வேறொரு வடிவம் கொண்டது. 1877இல் சென்ற் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. 1878இல் இராணுவ மருத்துவர் பீற்றர் ஷெப்பேட் வூலிச்சிலே பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளை நடாத்தினார். அடுத்த ஆண்டிலேயே தென்னாபிரிக்காவில் சூலு மக்கள்மீது தொடுக்கப்பட்ட போரிலே இசன்டில்வானாவில் அவர் கொல்லப்பட்டார். பேரரசின் உள்ளேயும் வெளியேயும் இரு முகங்கள் காட்டிய அக்காலத்தின் முரண்பாடு அவருடைய வாழ்விலே குறுக்கமாக அமைந்துவிட்டது. அவர் தொடங்கிய பயிற்சியைச் சுரங்கத் தொழிலாளரும் புகையிரத ஊழியரும் ஆர்வத்துடன் தமதாக்கிக்கொண்டனர். மருத்துவர் வந்து சேரும்வரை தோழனின் உயிரைத் தாங்குவது அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதியாயிற்று.

சட்டம் அதன் பின்னரே நடந்தது. 1897இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. காயத்திற்கு முதலாளி விலைகொடுக்க நேர்ந்ததும் காயம் சீழ்கொள்ளாது காப்பது அவருக்கும் ஆதாயமாயிற்று. 1937ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் எளிதில் அணுகத்தக்க பெட்டி இருத்தல் வேண்டும் என்றும், தொழிலாளர் தொகை 150ஐ விஞ்சுமாயின் மேலதிகமான ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொரு பெட்டி வேண்டும் என்றும் விதித்தது. முதலுதவிக்குரியன அன்றி வேறெதுவும் அதனுள் வைக்கலாகாது. பெட்டிக்குப் பொறுப்பானவர் வேலைநேரம் முழுவதும் அணுகத்தக்கவராக இருத்தல் வேண்டும். ஐம்பது பேருக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் அவர் பயிற்சி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். மாலுமியின் நகைக்கதையிலிருந்து இவ்விதிவரை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

இலங்கையிலே 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், பிரித்தானியச் சட்டத்தை அடியொற்றி 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னதன் பெயரே அதன் எல்லையையும் சுட்டுகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்குக் கீழ் உள்ளவர் அச்சட்டத்துள் அடங்குவர். கொழுந்து கொய்யப்படும் மலைச்சரிவு தொழிற்சாலையாகாது. உற்பத்தியின் முதற்படியிலே, மழையிலும் வழுக்கலிலும், அட்டைக்கடிக்கும் குளவிக்கொட்டுக்கும் நடுவே நிற்பவர் பெரும்பாலும் பெண்கள். பெட்டியின் வரலாற்றிலே வர்க்கத்தோடு பால்வேறுபாடும் தொழிற்பட்டுள்ளமைக்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனிப் பெட்டியின் உள்ளே நோக்குவோம். கடந்த நூறாண்டிலே அதன் வளர்ச்சி பெரும்பாலும் நீக்கத்தின் வளர்ச்சியாகவே இருந்துள்ளது. முதலில் நீங்கியவை உட்கொள்ளும் மருந்துகள். பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு முதலுதவி ஒழுங்குவிதிகளை ஒட்டிய வழிகாட்டல், மாத்திரைகளையும் மருந்துகளையும் பெட்டியில் வையாதிருக்குமாறு கூறுகிறது. அது எடுத்துக்காட்டாகத் தரும் பட்டியல் எளியது. தனித்தனியே பொதிசெய்த பிளாஸ்ரர் 20, கண்ணுக்கான கிருமிநீக்கிய திண்டு 2, மருந்திடாத காயக்கட்டு நடுத்தர அளவில் 6, பெரிய அளவில் 2, முக்கோணக் கட்டுத்துணி, ஊக்கு, கையுறை, படித்து விளங்கத்தக்க அறிவுரைத்தாள் ஆகியவை அதில் அடங்கும். எஸ்மார்க்கின் துணி இன்றும் அதில் இருக்கிறது. கப்பற்றலைவனின் போத்தல்கள் ஒன்றேனும் இல்லை. ஒரு காலத்தில் இன்றியமையாததாகக் கருதப்பட்ட அயடீனும் இப்பட்டியலில் இல்லை.

வேறு சில நீக்கங்கள் எமக்கு இன்னும் நெருக்கமானவை. 1904ஐ ஒட்டி லோடர் பிரன்ரன் என்னும் மருத்துவர் பாம்புக்கடிக்கெனச் சிறு கத்தியொன்றை அறிமுகப்படுத்தினார். கடிவாயைக் கீறி, அதன் பிடியுள் இருந்த பொற்றாசியம் பரமங்கனேற்றைத் தேய்ப்பது முறை. பிரித்தானிய இந்தியாவிலே அது பரவியது. கீறுவதால் நஞ்சு நீங்காது, காயமே பெருகும் என்பது இன்று தெளிவு. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே இன்று விதிக்கப்படும் முறை. மாறாக, உறுப்பை இறுகக் கட்டிக் குருதிப்பெருக்கை நிறுத்தும் பட்டி நெடுங்காலம் ஐயத்துடன் நோக்கப்பட்டு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்திற்குப் பின்னர் 2000களிலே மீண்டும் மதிப்புப் பெற்றது. உயிர்போக்கும் குருதிப்பெருக்கிற்கு அது உரியது, பாம்புக்கடிக்கு உரியதன்று. பெட்டியிலே ஒரு பொருள் இருப்பது மாத்திரம் போதாது, எதற்கு என்ற அறிவும் உடன் இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அறிவு என்றதும் மொழி பற்றிய வினா எழுகிறது. இவ்வகையிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சி குறிப்பிடத்தக்கது. 1860களில் அவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழி மூலமே கற்பித்தார். ஆங்கில அறுவைமருத்துவ நூலொன்றின் தமிழாக்கமான ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. காயத்தைப் பற்றிய லிஸ்ரரின் முடிவுகள் வெளியானதும் அதே ஆண்டிலேயாம். மதமாற்றமே மிஷனின் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் கருத்துநிலை எதுவாயினும், குருதி, எலும்பு, நரம்பு, காயம் ஆகியவை பற்றி நவீன விஞ்ஞானத்தைத் தமிழிலே பேசலாம் என்பது அங்கு நிரூபிக்கப்பட்டது. 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே ஊடகமாகக் கொண்டது. அதனால் கிறீனின் வழி தொடரப்படாது நின்றது. தொழிலாளிக்கு விளங்காத மொழியில் அறிவுரைத்தாள் வைக்கப்பட்ட பெட்டி, பூட்டப்பட்ட பெட்டிக்குச் சமானமாகும்.

பட்டியலைத் தெரிவுசெய்வது அரசியற் செயல் என்பதை நாடளாவிய அளவிலே உணர்த்தியவர் பேராசிரியர் செனக்க பிபிலே. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த இம்மருந்தியல் அறிஞரும், கொம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் அடிப்படையிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயர்களால் பெருகிக் கிடந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. குறைத்தல் என்பது இங்கு வறுமையின் அடையாளம் அன்று. வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரித்து, வேண்டியது எல்லோருக்கும் கிடைக்கச் செய்தலே அதன் பொருள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டது. பிபிலே காலமானதும், இலங்கையிலே திறந்த பொருளாதாரம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. பின்னர் 1990களிலே யுத்தகாலக் கட்டுப்பாடுகள் வடக்கிற்குச் சென்ற மருத்துவப் பொருள்களையும் தொட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. பட்டியல் யாருடையது என்ற வினா ஒவ்வொரு நெருக்கடியிலும் மீண்டும் எழுந்துள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில அளவுகோல்களை நாம் பெற்றுக்கொள்ளலாம். பெட்டியை நிரப்புவோர் கடைக்குச் செல்லுமுன் வேலைத்தலத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு எவ்வகைக் காயம் நேர்கிறது, அதற்கு ஆளாவோர் யார், வைத்தியசாலை எவ்வளவு தூரம், பெட்டி யார் அருகில் இருக்கும், அதில் உள்ள தாள் எம்மொழியில் இருக்கும் என்பன கேட்கப்படுதல் வேண்டும். கவ்வாத்துக் கத்தியின் வெட்டுக்குப் பெரிய காயக்கட்டு வேண்டும். சிறு பிளாஸ்ரர் ஒரு டசின் இருந்தும் பயனில்லை. கொதிநீர் கையாளும் இடத்திலே முதலில் வேண்டுவது ஓடும் குளிர்ந்த நீர். அதனைப் பெட்டியுள் அடைக்க முடியாது. பலமுறை குளவி கொட்டிய பெண்ணுக்கு மூச்சுத் திணறுமாயின் அப்பெட்டியில் உள்ள எதுவும் அவளைக் காப்பாற்றாது. வண்டியும் பாதையும் அவளை ஏற்றுக்கொள்ளும் வைத்தியசாலையுமே காப்பாற்றும்.

ஆகவே முதலுதவிப் பெட்டி தொழிலாளிக்கும் மருத்துவத்திற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டும் அளவுகோலாகவும் விளங்குகிறது. அத்தூரம் எங்கு மிகுதியோ அங்கே பெட்டி கனமாகத் தேவைப்படுகிறது. ஆயின் நடைமுறையிலே அங்குதான் அது வெறுமையாகக் கிடக்கிறது. அதனை நிரப்புமாறு கோருவதும், நிரப்பும் பொருளைத் தாமே தெரிவதும், அதனைத் தம்மொழியிலே கற்பதும் உழைப்போரின் உரிமைகள். அவற்றோடு நில்லாது, அத்தூரத்தையே குறைக்குமாறு கோருவதும் அவர்களது உரிமையாகும். முன்னைய கோரிக்கை பின்னையதை மறக்கச் செய்யுமாயின் 1888ஆம் ஆண்டின் புகையிரதக் கம்பனிகள் கணக்கிட்டது சரியாகிவிடும்.